அக்கோமா புனித ஸ்தேவான் தேவாலயம்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், சுமார் 112 மீட்டர் உயரமுள்ள செங்குத்தான பாறைமேட்டின் உச்சியில் நிற்கும் மண் தேவாலயம் இது. ஸ்பானிய மொழியில் சான் எஸ்தெபான் தெல் ரேய் எனப்படும். ஸ்பானியப் பிரான்சிஸ்கன் துறவிகள் 17ஆம் நூற்றாண்டில் நிறுவிய மறைபரப்பு நிலையங்களுள் ஒன்று. கட்டச் சொன்னவர்கள் ஸ்பானியர். கட்டியவர்கள் அந்தப் பாறைமேல் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் அக்கோமா மக்கள். தேவாலயத்தின் வரலாறு முழுவதையும் இந்த வேறுபாட்டிலிருந்தே படிக்க வேண்டும்.

1598 டிசம்பரில் ஹுவான் தே சல்தீவர் தலைமையில் வந்த ஸ்பானியப் படைப்பிரிவு உணவு கேட்டு மேலே ஏறியது. தகராறு மூண்டு சல்தீவரும் உடன் வந்தோர் சிலரும் கொல்லப்பட்டனர். அடுத்த மாதமே அவருடைய தம்பி விசென்தே பழிவாங்க வந்தார். மூன்று நாள் சண்டையில் ஊர் எரிந்தது. சுமார் 800 பேர் மாண்டனர் என்று கணக்கிடுகின்றனர். சிறைப்பட்டவர்களுள் 25 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு ஒரு பாதத்தை வெட்டி, 20 ஆண்டு அடிமை வேலை தர வேண்டும் என்று ஆளுநர் ஹுவான் தே ஒன்யாத்தே தீர்ப்பளித்தார். பின்னாளில் அவர்மீதே வழக்கு நடந்து, 1614இல் நியூ மெக்சிகோவிலிருந்து நாடு கடத்தப்பட்டார். பாதங்கள் வெட்டப்பட்டதை அக்கோமா மறக்கவில்லை. ஒன்யாத்தேயின் வெண்கலச் சிலை ஒன்றின் பாதத்தை 1990களின் இறுதியில் யாரோ அறுத்தெடுத்தபோது, அதன் பொருளை அந்த மாநிலத்தில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடிமைக் காலம் முடிந்து பத்து ஆண்டுகளில், 1629இல், ஹுவான் ராமிரெஸ் என்ற துறவி தங்க வந்தார். மேலிருந்து தவறி விழுந்த குழந்தையை அவர் உயிரோடு மீட்டதால் ஊரார் மனம் மாறினர் என்பது மரபுக்கதை. அது உண்மையோ இல்லையோ, அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தேவாலயம் எழுந்தது உண்மை.

வெறும் பாறையில் மண் கிடையாது, மரம் கிடையாது. மழைநீர் தேங்கும் பள்ளங்களை விட்டால் தண்ணீரும் கிடையாது. சுவருக்கான மண்ணும் அதைக் குழைக்கும் வைக்கோலும் கீழேயிருந்து ஆள்சுமையாகவே வந்தன. கூரைத் தூலங்களுக்கான மரங்கள் சுமார் 40 கி.மீ. வடக்கே உள்ள டெய்லர் மலையில் வெட்டப்பட்டன. அது அக்கோமா மக்களுக்குப் புனிதமான மலை. வழியெங்கும் எந்தத் தூலமும் தரையில் படாமல் தோளிலேயே வந்தது என்கிறார்கள். பக்தி என்று இதைப் பாராட்டி எழுதும் பயண நூல்கள் உண்டு. சாட்டையும் சேர்ந்து இயங்கியிருக்கும் என்பதே பொருத்தமான கணிப்பு.

கட்டடம் எளிமையானது. சுமார் 150 அடி நீளத்தில், பக்கச் சிறகுகள் இல்லாத ஒரே நீண்ட கூடம். கிழக்கு நோக்கிய முகப்பின் இருபுறமும் மணிக்கூண்டுகள். சுடாத செங்கல்லும் கல்லும் கலந்த சுவர்கள் அடிப்பகுதியில் ஓர் ஆள் உயரத்துக்குக் குறையாத பருமன் கொண்டவை. சுடாத மண்ணுக்கு இழுவிசையைத் தாங்கும் வலு இல்லை; தன் எடையால் அழுத்திக்கொண்டு நிற்பதே அதன் வலு. அதனால்தான் இந்தப் பருமன், அதனால்தான் உயரே வைத்த சில சிறு சன்னல்கள். கவிகை எழுப்பாமல் தட்டைக் கூரையே போட்டார்கள். சுவரில் பதித்த செதுக்குப் போதிகைகள் மேல் தூலங்கள், தூலங்கள் மேல் நெருக்கமாக அடுக்கிய மரக் கழிகள், அவற்றின் மேல் மண். உள்ளே தரையும் மண்தான். வெள்ளையடித்த சுவர்களில் வானவில்லும் மக்காச்சோளச் செடியும் தீட்டப்பட்டுள்ளன. கத்தோலிக்கப் புனிதர்களின் உருவங்களுக்கு அருகே, மழையை வேண்டும் பழைய சமயமும் இடம்பிடித்திருக்கிறது. வடபுறம் துறவிகள் வாழ்ந்த அறைகள் ஒரு முற்றத்தைச் சுற்றி உள்ளன.

முகப்புக்கு முன்னுள்ள கல்லறைத் தோட்டம் தேவாலயத்துக்குச் சளைக்காத உழைப்பு. சரிவில் சுமார் 40 அடி உயரம்வரை தாங்குசுவர் எழுப்பி, கீழிருந்து சுமந்து வந்த மண்ணால் நிரப்பினார்கள். மதிலில் ஒரு துளை விட்டிருக்கிறார்கள். 1599 சண்டைக்குப் பின் மெக்சிகோவுக்குக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகளின் ஆவிகள் ஊர் திரும்புவதற்காக என்று அக்கோமா மக்கள் சொல்கின்றனர்.

1680இல் அக்கோமா உள்ளிட்ட புவெப்லோ பழங்குடி மக்கள் ஒன்றுதிரண்டு ஸ்பானியரை விரட்டியபோது பல தேவாலயங்கள் இடிக்கப்பட்டன. அக்கோமாவில் துறவி லூகாஸ் மால்தொனாதோ கொல்லப்பட்டார், தேவாலயத்தை விட்டுவிட்டார்கள். கல்லறையும் தங்கள் உழைப்பும் அதிலிருக்க, இடிக்க மனம் வராதது வியப்பில்லை. 19ஆம் நூற்றாண்டில் அந்த உரிமை உணர்வு நீதிமன்றம்வரை சென்றது. இரவலாகப் போன புனித சூசையப்பர் ஓவியத்தைப் பக்கத்து ஊரான லகூனா திருப்பித் தர மறுத்தது. மழை தரும் படம் என்று இரு ஊரும் நம்பின. 1857இல் நியூ மெக்சிகோ உச்ச நீதிமன்றம் அதை அக்கோமாவுக்கே உரியது என்றது.

1920களில் கட்டடக் கலைஞர் ஜான் கா மீம் ஈடுபாட்டோடு கூரையும் மணிக்கூண்டுகளும் செப்பனிடப்பட்டன. செப்பனிடுவதிலும் கவனம் வேண்டும்: மண் கட்டடத்துக்கு மழையைவிடச் சிமெண்டு பெரிய பகை. மண்பூச்சு ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். சிமெண்டு ஈரத்தை உள்ளே அடைத்து, சுவரை அடியிலிருந்து கரைத்துவிடும். இதே மாநிலத்தின் ராஞ்சோஸ் தே தாவோஸ் தேவாலயத்தில் 1967இல் சிமெண்டு பூசி, 1979இல் அத்தனையையும் உரித்தெடுக்க நேர்ந்தது. இன்று அங்கே ஊரார் கூடி ஆண்டுதோறும் மண் பூசுகிறார்கள்.

அக்கோமா தேவாலயம் 1970இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அதன் சாவி அக்கோமா மக்களிடமே உள்ளது. பார்வையாளர்கள் அவர்களுடைய வழிகாட்டியோடுதான் மேலே செல்ல முடியும். உள்ளே படமெடுக்கக் கூடாது. செப்டம்பர் 2 அன்று புனித ஸ்தேவான் திருவிழாவில் திருப்பலிக்குப் பின் புனிதரின் சுரூபத்தை ஊர்ச் சதுக்கத்துக்கு எடுத்துச் செல்கிறார்கள். அங்கே அறுவடை நடனங்கள் தொடங்குகின்றன.