குடவோலை முதல் சிபில் வரை: கடன் ஏட்டின் கதை

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். திருஞானசம்பந்தர் பாடிய தலம். வயலும் கோயிலுமான சின்ன ஊர். சாலையின் ஒரு பக்கம் நின்றால் காஞ்சிபுரம் பேருந்து, எதிர்ப்பக்கம் நின்றால் உத்திரமேரூர் பேருந்து. "கடன் வரலாறு" என்று இன்றைய வங்கிகள் சொல்கிற சங்கதியின் இரண்டு பழைய அத்தியாயங்கள் இந்தச் சாலையின் இரண்டு முனைகளிலும் இருக்கின்றன. ஒன்று கல்லில், இன்னொன்று பேரேட்டில்.

முதலில் சிக்கல் என்னவென்று பார்த்துவிடலாம். கல்லூரியில் சேர்ந்த பதினெட்டு வயது மாணவர் ஒருவர் வங்கியில் கிரெடிட் கார்டு கேட்கிறார். "உங்களுக்குக் கடன் வரலாறே இல்லையே" என்று பதில் வருகிறது. வரலாறு வேண்டுமானால் கடன் வாங்கியிருக்க வேண்டும். கடன் வேண்டுமானால் வரலாறு இருக்க வேண்டும். நீச்சல் கற்றுக்கொண்ட பிறகு கிணற்றில் இறங்கு என்று சொல்வது போலத்தான் இதுவும்! தவறு செய்தவருக்குக் கெட்ட பெயர் வருவது நியாயம். எதுவுமே செய்யாதவருக்குப் பெயரே இல்லாமல் போவது என்ன நியாயம்?

தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல்தான்: நாணயம். "அவர் நாணயமானவர்" என்றால் வாங்கியதைத் திருப்பித் தருபவர் என்று பொருள். ஆனால் அதை யார் சொல்வது, எங்கே எழுதி வைப்பது என்பதில்தான் ஆயிரம் வருடமாகக் குழப்பம்.

சரி, உத்திரமேரூர் பேருந்தில் ஏறுவோம்.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று கி.பி. 919, மற்றது கி.பி. 921. குடவோலைத் தேர்தல் என்று பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்ததுதான். முப்பது குடும்புகள், ஓலையில் பெயர், குடத்தில் போட்டுக் குலுக்கி ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது... இவ்வளவும் தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி. யார் யார் பெயர் குடத்துக்குள் போகக் கூடாது என்ற பட்டியலைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வரக்கூடாது. இதுவரை சரி. அதோடு நிற்கவில்லை. அவருடைய பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகள், அத்தை மகன், மாமன் மகன், தாய்மாமன், பெரியப்பா, சித்தப்பா, மாமனார், மைத்துனர், சகோதரியின் கணவர், மருமகன், தகப்பன், மகன் என்று ஒரு கல்யாணப் பத்திரிகை அளவுக்கு உறவுகளை வரிசையாகச் சொல்லி, இவர்கள் பெயரும் கூடாது என்கிறது. ஒருவர் கணக்கை மறைத்தால் ஒரு குலமே வாசலில் நிற்க வேண்டும். கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் ஊர்ப் பணத்தை எடுத்தவர் அதை மைத்துனர் வீட்டில்தான் வைத்திருப்பார் என்று அந்தச் சபைக்குத் தெரிந்திருக்கிறது. (இன்றைக்கும் அப்படித்தானே!)

இன்னும் இரண்டு விதிகள் கவனிக்க வேண்டியவை. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. அதாவது ஒருமுறை கிடைத்ததும் உடனே மறுபடி கேட்க முடியாது. இடைவெளி விட்டுத்தான் வர வேண்டும். அடுத்தது தகுதி. வரி கட்டுகிற கால் வேலி நிலத்துக்கு மேல் சொந்தமாக வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள். நிலம் அரைக்கால் வேலிதான் என்றால்? ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்றிருந்தால் போதும் என்று ஒரு சலுகை இருக்கிறது. சொத்து குறைந்தால் படிப்பை ஈடாக ஏற்றுக்கொள்வது! கல்விக் கடனுக்குப் பின்னால் இருக்கிற எண்ணமும் இதுவேதான்.

இதைப் பொற்காலம் என்று கொண்டாடிவிட முடியாது. அது பிராமணர் சபை. பெண்களுக்கும், நிலமே இல்லாதவர்களுக்கும், வயலில் இறங்கி உழுதவர்களுக்கும் குடத்தில் இடமில்லை. நல்ல பெயர் எடுக்கிற வாய்ப்பே நிலம் இருந்தவர்களுக்கு மட்டும்தான். தவிர, இது கடன் பற்றிய கல்வெட்டும் அல்ல, பதவி பற்றியது. ஆனால் அந்தக் காலத்தில் ஊர்ச் சபைகளே கடன் வாங்கின. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயில் பணத்தைச் சபைகள் வாங்கிக்கொண்டு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது நூற்றுக்கு 12½, தருவதாக ஒப்புக்கொண்டது இருக்கிறது. கணக்குக் காட்டாதவர்களை உள்ளே விட்டிருந்தால் அந்தச் சபையை நம்பி யார் காசு கொடுத்திருப்பார்கள்?

இப்போது எதிர்ப்பக்கம் போய்க் காஞ்சிபுரம் பேருந்தைப் பிடிக்க வேண்டும். நடுவில் சுமார் ஆயிரம் வருடம் கடந்துவிடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை மாகாணத்து விவசாயிக்குக் கடன் என்றால் லேவாதேவிக்காரர்தான். அவரிடமும் ஒரு கடன் ஏடு இருந்தது. ஆனால் அதை அவர் மட்டும்தான் படிக்க முடியும். இருபது வருடம் ஒழுங்காக வட்டி கட்டிய குடியானவர் அந்த நல்ல பெயரை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர் செட்டியாரிடம் போய்க் குறைந்த வட்டிக்குக் கேட்க வழியில்லை. பெயர் கடன்காரருடையது, ஏடு மட்டும் கொடுத்தவருடையது. இந்த இடம் முக்கியம், பின்னால் மறுபடி வரும்.

அரசு இதற்கு வழி தேடச் சொல்லி பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை நியமித்தது. அவர் 1895லும் 1897லும் இரண்டு பெரிய அறிக்கைகள் தந்தார். ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் கிராமத்துக் கடன் சங்கங்களை நடத்திக் காட்டியிருந்தார். நிலமோ நகையோ இல்லாத ஒருவரை வங்கி நம்பாது. ஆனால் ஒரே ஊரில் இருக்கிற ஐம்பது பேர் சேர்ந்து, "எங்களில் யார் கட்டாவிட்டாலும் மற்றவர்கள் எல்லோரும் பொறுப்பு" என்று கையெழுத்துப் போட்டால்? யார் குடிகாரர், யார் உழைப்பாளி, யாருடைய கிணறு வற்றிவிட்டது என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். அந்தத் தகவல்தான் ஈடு. ரைஃபைசன் போன்ற ஒருவரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதே நிக்கல்சன் சொன்னதன் சாரம்.

1904 மார்ச்சில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. கிராமச் சங்கங்களுக்கு வரம்பில்லாப் பொறுப்பு கட்டாயம், நகரச் சங்கங்களுக்கு அவரவர் விருப்பம். அதே ஆண்டு ஆகஸ்டில் திருவள்ளூர் பக்கம் திரூரில் விவசாயிகளின் கடன் சங்கம் பதிவானது. அக்டோபரில் காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது. இந்தச் சட்டத்தின் கீழ் இந்தியாவில் பதிவான முதல் நகரச் சங்கம் அதுதான்! பட்டுக்கும் கோயிலுக்கும் கிடைத்த புகழில் நூற்றில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை.

இதில் அழகு என்னவென்றால், வரலாறு இல்லாதவருக்கு முதல் பக்கத்தை எழுதித் தர ஒரு வழி பிறந்தது. உறுப்பினராகச் சேர், சிறிய பங்குத் தொகை கட்டு, சிறிய கடன் வாங்கு, கட்டு, பிறகு பெரியது கேள். உத்திரமேரூரில் உறவுக்காரர் என்பதால் சிக்கியவர்களுக்கு அதில் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. 1904ல் மற்றவருக்காகப் பொறுப்பேற்றவர் தானே முன்வந்து கையெழுத்திட்டார். வித்தியாசம் சின்னதல்ல.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி போனது. அங்கே 1841லேயே லூயிஸ் டாப்பன் என்பவர் வியாபாரிகளின் நாணயத்தை விசாரித்து எழுதி விற்கும் நிறுவனம் தொடங்கிவிட்டார். 1958ல் பாங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரத்தில் யாரும் கேட்காமலே சுமார் 60,000 பேருக்குக் கடன் அட்டைகளைத் தபாலில் அனுப்பியது. நூற்றுக்கு நான்கு பேர் கட்டாமல் போவார்கள் என்று போட்ட கணக்கு, அட்டை மற்ற ஊர்களுக்கும் பரவியபோது இருபத்திரண்டு ஆனது. எல்லோருடைய பழக்கத்தையும் ஓர் எண்ணாகச் சுருக்க வேண்டும் என்ற அவசரம் இப்படிப்பட்ட அடிகளில் பிறந்ததுதான். 1989ல் பைகோ மதிப்பெண் வந்தது. கல்லூரி வாசலில் இலவச டி-சர்ட் கொடுத்து மாணவர்களுக்கு அட்டை விற்கும் கூத்தும் நடந்தது. 2009ல் சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்தினார்கள். 21 வயதுக்குக் குறைந்தவர் சொந்த வருமானம் காட்ட வேண்டும், இல்லையென்றால் பெரியவர் ஒருவர் கூடக் கையெழுத்திட வேண்டும்.

இந்தியாவில் சிபில் நிறுவனம் 2000ல் பதிவாகி, 2004ல் தனிநபர் கடன் விவரங்களைத் தரத் தொடங்கியது. 2005ல் கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் வந்தது. மதிப்பெண் 300லிருந்து 900 வரை. லேவாதேவிக்காரரின் ஏடு ஒருவழியாக எல்லாக் கடன் கொடுப்போருக்கும் பொதுவானது. ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று, எழுதப்பட்டவரே ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகப் பார்க்க 2017 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது அந்தப் பதினெட்டு வயது மாணவரிடம் திரும்பலாம். அவருக்குத் திறந்திருக்கிற சுலபமான கதவு, நிரந்தர வைப்பை ஈடாக வைத்து வாங்கும் அட்டை. விடுமுறையில் சம்பாதித்ததையோ தாத்தா கொடுத்ததையோ வங்கியில் போட்டு, அதன் பேரில் ஒரு சின்ன வரம்பு. முதல் அட்டை வந்த உற்சாகத்தில் அடுத்தடுத்து நான்கு வங்கிகளில் விண்ணப்பிப்பதுதான் பலர் செய்யும் தவறு. ஒவ்வொரு விண்ணப்பமும் ஏட்டில் "விசாரணை" என்று பதிவாகும். ஒரே மாதத்தில் நான்கு விசாரணை என்றால் ஆள் பணத்துக்குத் தவிக்கிறார் என்று படிக்கப்படும். ஓர் ஆறு மாதமாவது ஒரே அட்டையில் கொஞ்சமாகச் செலவழித்து, முழுத் தொகையையும் கெடுவுக்கு முன் கட்டினால் மதிப்பெண் ஒன்று உருவாகும். அதன் பிறகு கேட்டால் பேச்சே வேறு. "குறைந்தபட்சத் தொகை" மட்டும் கட்டினால் தவறியவர் என்று எழுத மாட்டார்கள்தான், ஆனால் வட்டி ஏறிக்கொண்டே போகும். லேவாதேவிக்காரர் பரவாயில்லை என்று தோன்றிவிடும்!

ஆனால் மாகறல் மாதிரி ஊர்களிலிருந்து படிக்க வருகிறவர்களுக்கு முதல் பக்கம் பெரும்பாலும் அட்டையால் எழுதப்படுவதில்லை, கல்விக் கடனால் எழுதப்படுகிறது. 2001ல் வங்கிகள் ஏற்ற மாதிரித் திட்டப்படி நான்கு லட்சம் வரை சொத்து ஈடு வேண்டாம். ஆனால் அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். மகனுக்கு வேலை தாமதமானால் அப்பாவின் மதிப்பெண்ணும் சேர்ந்து விழும். பெரியம்மா பிள்ளைகளும் மைத்துனரும் பட்டியலிலிருந்து போய்விட்டார்கள். தகப்பனும் மகனும் மட்டும் அப்படியே இருக்கிறார்கள். கேரள உயர்நீதிமன்றம் 2020ல் ஒரு வழக்கில் பெற்றோரின் மதிப்பெண்ணைக் காட்டியும், 2023ல் இன்னொன்றில் மாணவரின் மதிப்பெண்ணைக் காட்டியும் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று சொன்னது. படித்து முடித்த பிறகு சம்பாதிக்கப் போகிறவர் அவர்தானே?

சென்னை உயர்நீதிமன்றத்தில் 2025 ஜூனில் முடிந்த வழக்கு இன்னும் யோசிக்க வைப்பது. ஸ்டேட் வங்கியின் அதிகாரிப் பணிக்கு 2020ல் விண்ணப்பித்துத் தேர்வான ஒருவரின் நியமனம், சிபில் அறிக்கையில் பழைய தவறுதல்கள் இருந்ததால் 2021ல் ரத்தானது. விளம்பரம் வருவதற்கு முன்பே எல்லாக் கடனையும் கட்டி முடித்துவிட்டதாக அவர் வாதாடினார். நீதிமன்றம் வங்கியின் பக்கம் நின்றது. மக்கள் பணத்தைக் கையாளும் இடத்தில் பண ஒழுங்கு பார்ப்பது நியாயமே என்றது. உத்திரமேரூர் சபை கேட்டிருந்தால் தலையாட்டியிருக்கும்.

கணக்குக் காட்டாதவருக்கு எத்தனை ஆண்டுத் தடை என்று அந்தக் கல்வெட்டு காலக்கெடு சொல்லவில்லை. அமெரிக்கச் சட்டத்தில் தவறிய தவணையின் குறிப்பு ஏழு ஆண்டுக்கு மேல் அறிக்கையில் இருக்கக் கூடாது. இந்திய விதியிலும் ஏழு ஆண்டு வருகிறது, ஆனால் தலைகீழாக: குறைந்தது ஏழு ஆண்டு தகவலை வைத்திருக்க வேண்டும் என்று. இருபத்திரண்டு வயதில் வேலை கிடைக்காமல் தவறவிட்ட மூன்று தவணைகள், இருபத்தொன்பது வயது வரையாவது ஏட்டில் இருக்கும். உத்திரமேரூர்க் கணக்குப்படி குடத்தில் ஓலை போடவே அவருக்கு இன்னும் ஆறு வருடம் பாக்கி.