அழகருக்கு ஏன் கள்ளர் வேசம்?

சித்திரைத் திருவிழாவை டிவியில் பார்க்கிற பட்டணத்து நண்பர்கள், பெருமாள் ஏன் கள்ளர் வேசத்தில் வருகிறார் என்று கேட்கிறார்கள். அழகர்மலையிலிருந்து மதுரைக்கு இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அந்தக் காலத்தில் காட்டுவழி. வழி மறிச்ச கள்ளர்களோட சமாதானமாப் போய், அவங்க கோலத்தையே சாமி ஏத்துக்கிட்டார்னு பெரியவங்க சொல்வாங்க. தலையில் கொண்டை, காதில் கடுக்கன், கையில் வளைதடி. வழியெங்கும் நானூறுக்கு மேல் மண்டகப்படி. தல்லாகுளத்தில்தான் அந்த வேசத்தைக் களைந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் மாலையைச் சூடித் தங்கக் குதிரையில் ஏறுவார்.

சாமி மட்டுமா வேசம் போடுறார்? சல்லடம் கட்டி, குல்லா வச்சு, கருப்பசாமியா எத்தனையோ சம்சாரிங்க கூட வருவாங்க. தோளில் ஆட்டுத்தோல் துருத்தி. அதிலிருந்து தண்ணி பீச்சி அழகரைக் குளுப்பாட்டணும். இப்ப பிரஷர் பம்பு வச்சு அடிக்கக் கூடாதுன்னு தடை வந்திருக்கு, நல்ல காரியம். மலையிலிருந்து வந்தவருக்கு வெயில் தாங்காது என்று அடிக்கிற தண்ணி, பக்கத்தில் நிக்கிற கிழவியைக் கீழே தள்ளலாமா?

ஆதியில் அழகர் இறங்கியது மதுரையில் இல்லை, மேற்கே சோழவந்தான் பக்கம் தேனூரில். மீனாட்சி கல்யாணமும் மாசியில் நடந்தது. ரெண்டையும் சித்திரையில் சேர்த்து வைத்தவர் திருமலை நாயக்கர் (1623–1659). சாட்சி இன்னும் இருக்கு: சித்திரைத் தேர் ஓடுறது மாசி வீதியில். வண்டியூர்ப் பக்கம் ஆத்துக்குள்ள இருக்கிற மண்டபத்துக்குப் பேர் தேனூர் மண்டபம்.

சைவம் வைணவம் ரெண்டையும் ஒண்ணாக்கத்தான் மாத்தினார்னு படிச்சவங்க எழுதுறாங்க. இருக்கலாம். எனக்கு இன்னொரு காரணம் பெருசாத் தெரியுது. மாசியில் நாங்க அறுப்புக்களத்தில் கிடப்போம். தேர்வடம் இழுக்க யார் வருவா? சித்திரையில் களம் காலி, மாடு சும்மா நிக்கும், கையில் நாலு காசு இருக்கும். வண்டி கட்டிக் குடும்பத்தோட வந்து, மாட்டுச்சந்தையும் பார்த்துட்டுப் போகலாம்.

ஒண்ணுதான் மாறிப்போச்சு. சித்திரையில் வைகை வெறும் மணல். 1959-இல் கட்டி முடிச்ச அணையிலிருந்து திறந்துவிட்டாத்தான் அழகர் காலில் தண்ணி படும். பாசனத்துக்குக் கேட்டா கணக்குப் பார்க்கிற தண்ணி, அவருக்குன்னா வந்துருது. ஆனாலும் விடியக்காலையில் அழகர் பச்சைப்பட்டுன்னு சேதி வந்தா, அந்த வருசம் வெள்ளாமை உண்டுன்னு இங்கே விதைநெல் விலை விசாரிக்கக் கிளம்பிருவாங்க.