புழுங்கலரிசி காத்த நரம்பு



பல வீடுகள் சேர்ந்து மொத்தமாக அரிசி வாங்கலாம் என்ற பேச்சு நம் சங்கத்தில் நடக்கிறது. பச்சரிசியா, புழுங்கலா, எவ்வளவு தீட்டியது என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது. "வெள்ளை வெளேரென்று இருந்தால்தான் பிள்ளைகள் சாப்பிடும்" என்கிறார்கள் சிலர். முடிவெடுக்கும் முன் நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு கதையை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. தமிழர்களும் அதில் சம்பந்தப்பட்டவர்கள்.

பெரிபெரி என்றொரு நோய் இருந்தது. முதலில் பசி போகும், வயிறு மந்தமாகும். பிறகு கால் மரத்து நடை தள்ளாடும். சிலருக்கு உடம்பு வீங்கி இதயம் நின்றுவிடும். நெல்லைத் தீட்டும் நீராவி ஆலைகள் பெருகிய பிறகு கீழை நாடுகளில் இது ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது.

மலாயாவில் அப்போது சீனர்கள் ஈயச் சுரங்கத்திலும், தமிழர்கள் தோட்டத்திலும் ரயில் பாதையிலும் வேலை பார்த்தார்கள். சீனர்களிடையே பெரிபெரி வாட்டி எடுத்தது. தமிழர்களுக்கோ அபூர்வமாகத்தான் வந்தது. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்து, 1907இல் ஒரு புத்தகமே எழுதினார். சீனர்கள் சாப்பிட்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது ஊரிலிருந்து கப்பலில் வந்த புழுங்கலரிசி. வித்தியாசம் அதுதான்.

கோலாலம்பூர் மனநல விடுதியில் 1905-06இல் பிளெட்சர் என்ற மருத்துவர் இதைச் சோதித்துப் பார்த்தார். நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் இன்னொன்றுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். கட்டடத்தில்தான் கோளாறோ என்ற சந்தேகம் வரக்கூடாது என்று, நடுவில் இருவரையும் இடம் மாற்றினார், அரிசியை மாற்றவில்லை. பச்சரிசிப் பிரிவில் நாலில் ஒரு பங்குக்கு மேல் நோயில் விழுந்தார்கள், 18 பேர் இறந்தார்கள். புழுங்கலரிசிப் பிரிவில் பெரிபெரியால் ஒருவரும் சாகவில்லை.

பச்சரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று பிராடன் நினைத்தார். அது சரியில்லை. பிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு மருத்துவர்கள் 1909 முதல் செய்த ஆய்வில், தவிட்டோடு போய்விடும் ஒரு சத்து இல்லாததே காரணம் என்று தெரிந்தது. இன்று அதை வைட்டமின் பி1, தயமின் என்கிறோம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பங்கு அரிசியிலேயே தங்கும்.

அடுத்த அத்தியாயம் நம் நீலகிரியில். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் 1918இல் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். சத்தில்லாத உணவு கொடுத்த குரங்குகளின் குடலைப் பார்த்தார். அது மெலிந்து புண்ணாகிக் கிடந்தது. சத்துக் குறைவு நரம்பை மட்டுமல்ல, குடலையும் கெடுக்கிறது என்று அவர் வற்புறுத்திச் சொன்னார். அவருக்குப் பின் 1935இல் பொறுப்பேற்ற அய்க்ராய்டும் குழுவினரும் சென்னை மாகாணத்தையே கவனித்தார்கள். ஆலைப் பச்சரிசி சாப்பிட்ட வட ஆந்திரக் கடலோரத்தில் பெரிபெரி இருந்தது. புழுங்கல் சாப்பிட்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பின. அந்தக் குன்னூர் ஆய்வுக்கூடம்தான் 1958இல் ஹைதராபாத் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

மூளைக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மாவுச்சத்தை எரித்துச் சக்தியாக்க தயமின் வேண்டும். மூளை அந்தச் சக்தியை நம்பியே ஓடுகிறது. உடம்பில் தயமின் கையிருப்போ சில வாரங்களுக்குத்தான். சோறு மட்டும் நிறைய, சத்து குறைவு என்றால் வரவில்லாத கணக்கில் தினமும் பணம் எடுப்பது போலத்தான். பற்றாக்குறை கடுமையானால் பார்வை, நடை, ஞாபகம் மூன்றும் தடுமாறும். மதுப் பழக்கமுள்ளவர்களிடமும் ஓயாத வாந்தி உள்ளவர்களிடமும் மருத்துவர்கள் இதை இன்றும் பார்க்கிறார்கள்.

நாங்குநேரிப் பக்கத்தில் அண்டாவில் நெல் அவித்துக் களத்தில் காயப்போட்டவர்களுக்கு தயமின் என்ற பெயர் தெரியாது. ஆனாலும் அந்த வேலை அவர்கள் பிள்ளைகளின் நரம்பைக் காத்தது. நம் ஊர் உளுந்தஞ்சோற்றில் தொலி உளுந்து போடுவதும் அதே கணக்குக்கு வரவுதான். இதற்காகப் பழையது எல்லாமே மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. புழுங்கலரிசியும் மாவுச்சத்துதான், சர்க்கரை உள்ளவர்கள் அளவு பார்த்தே சாப்பிட வேண்டும், மாத்திரையை நிறுத்தக் கூடாது. பழைய சோறு குடல் அழற்சிக்கு உதவுமா என்பதைச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. அப்படிச் சோதித்துப் பார்த்துச் சொல்வதுதான் முறை.

எனவே என் யோசனை இவ்வளவுதான். மொத்தமாக வாங்கினால், அதிகம் தீட்டாத புழுங்கலரிசியாக வாங்குவோம். ஐந்தாறு தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம். வடித்த கஞ்சியைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம். தண்ணீரில் கரையும் சத்து அதில்தான் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.