குத்துச்சண்டையில் யார் பெரியவர்? ஒரு குமாஸ்தாவின் தரவரிசை

தேநீர்க் கடையிலும் கடற்கரைச் சாலை நடைப்பயிற்சியிலும் ஓயாத வாதம் ஒன்று உண்டு. நடிப்பில் யார், பாட்டில் யார், கிரிக்கெட்டில் யார் என்று கேட்டுக்கொண்டே வந்து கடைசியில் குத்துச்சண்டையில் நிற்கும். உடனே நாலு பேர் ஒரே குரலில் "முகம்மது அலி" என்பார்கள். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். எனக்கு அப்படி முடிப்பதில் சம்மதமில்லை.

முப்பத்து மூன்று வருடம் அரசாங்க அலுவலகத்தில் சீனியாரிட்டி பட்டியல் எழுதியவன் நான். பெயர் பிரபலமானது என்பதற்காக யாரையும் மேலே ஏற்ற முடியாது. சர்வீஸ் ரிஜிஸ்டர் பேச வேண்டும். அதே முறையில்தான் இந்தப் பட்டியலையும் போட்டிருக்கிறேன். கையுறை அணிந்து, மூன்று நிமிட ரவுண்டு கணக்கில், குவீன்ஸ்பெரி விதிப்படி நடக்கும் சண்டைதான் நவீன குத்துச்சண்டை. அந்த விதிகள் 1867-இல் வெளியானவை. அந்தக் காலத்துக்குள் வருபவர்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். நான்கு கேள்விகள் கேட்டேன். யாரை ஜெயித்தார்? எத்தனை எடைப் பிரிவுகளில் ஜெயித்தார்? எத்தனை காலம் தாக்குப்பிடித்தார்? விழுந்தபின் எழுந்தாரா?

முதலிடம்: சுகர் ரே ராபின்சன்

இயற்பெயர் வாக்கர் ஸ்மித். 1921-இல் பிறந்தவர். தொழில்முறையில் சுமார் இருநூறு சண்டைகள், அவற்றில் 170-க்கு மேல் வெற்றி. 1943 பிப்ரவரியில் ஜேக் லமோட்டாவிடம் முதல் தோல்வி. அடுத்த தோல்வி 1951 ஜூலையில் லண்டனில், ராண்டி டர்பினிடம். நடுவில் எட்டு வருடம் அவரை யாராலும் ஜெயிக்க முடியவில்லை. அந்த டர்பினையும் இரண்டே மாதத்தில் நியூயார்க்கில் வீழ்த்திப் பட்டத்தைத் திரும்ப வாங்கினார். லமோட்டாவோடு ஆறு முறை மோதி ஐந்தில் ஜெயித்தார்.

வெல்டர்வெயிட் பட்டம் ஒரு முறை, மிடில்வெயிட் பட்டம் ஐந்து முறை. ஐந்து முறை என்றால் கைவிட்டுப் போன பட்டத்தை நான்கு முறை மீட்டார் என்று பொருள். என் நான்காவது கேள்விக்கு இதைவிடப் பெரிய பதில் கிடையாது. 1957-இல் ஜீன் ஃபுல்மரை ஒரே இடதுகை வீச்சில் சாய்த்தபோது அவருக்கு வயது 35. எடை வித்தியாசத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் யார் சிறந்தவர் என்று கணக்கிடும் "பவுண்டுக்குப் பவுண்டு" என்ற பேச்சு பரவியதே அவரை வைத்துத்தான். முகம்மது அலியே தன் குரு என்று கொண்டாடியது இவரைத்தான்.

அவர் கதையில் ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. 1947-இல் கிளீவ்லாந்தில் அவரிடம் அடிபட்டு விழுந்த ஜிம்மி டாய்ல் என்ற இளைஞர் மறுநாள் இறந்துபோனார். அந்த இளைஞரின் தாயாருக்கு ராபின்சன் பண உதவி செய்தார். இதை ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் விளங்கும்.

இரண்டாமிடம்: ஹென்றி ஆம்ஸ்ட்ராங்

இன்றைக்கு இவர் பெயரைச் சொன்னால் நிலாவில் கால் வைத்தவர் என்று நினைப்பார்கள். இவர் வேறு. 1937 அக்டோபரில் ஃபெதர்வெயிட் பட்டம், 1938 மே மாதம் வெல்டர்வெயிட் பட்டம், ஆகஸ்டில் லைட்வெயிட் பட்டம். பத்து மாதத்தில் மூன்று உலகப் பட்டங்கள், மூன்றும் ஒரே சமயத்தில் கையில். அப்போது மொத்தமே எட்டு எடைப் பிரிவுகள். பிரிவுக்குப் பெரும்பாலும் ஒரே சாம்பியன். இன்று பதினேழுக்குக் குறையாத பிரிவுகள், ஒவ்வொன்றிலும் நான்கைந்து அமைப்புகள் தனித்தனியாகப் பட்டம் கொடுக்கின்றன. அன்றைய ஒரு பட்டம் இன்றைய நான்குக்குச் சமம். 126 பவுண்டு பிரிவில் இருந்தவர் 147 பவுண்டு பிரிவில் போய் பார்னி ராஸைத் தோற்கடித்தார். 1940-இல் மிடில்வெயிட் பட்டத்துக்கும் மோதி, சண்டை சமமாக முடிந்தது. இல்லாவிட்டால் நாலாவது பட்டமும் அவர் கணக்கில் சேர்ந்திருக்கும்.

மூன்றாமிடம்: முகம்மது அலி

கோபப்படாமல் படியுங்கள். அலியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஹெவிவெயிட்டில் அவர்தான் முதல். 1964-இல் லிஸ்டன், 1974-இல் கின்ஷாசாவில் ஃபோர்மேன், 1975-இல் மணிலாவில் ஃப்ரேசியர் என்று அவர் ஜெயித்த ஆட்களின் பட்டியலே போதும். ஃப்ரேசியரும் நார்ட்டனும் அலியைத் தோற்கடித்தவர்கள். அந்த இருவரையும் ஃபோர்மேன் இரண்டிரண்டு ரவுண்டில் முடித்தார். அந்த ஃபோர்மேனை 32 வயது அலி, கயிற்றில் சாய்ந்து அடி வாங்கிக் களைப்பாக்கி, எட்டாவது ரவுண்டில் வீழ்த்தினார். வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்றதற்காக 1967-லிருந்து மூன்றரை வருடம் அவரை மேடையேற விடவில்லை. ஒரு வீரனின் நல்ல வருடங்கள் அவை.

1980-இல் அவர் சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் அவர் ஆண்டது ஒரே எடைப் பிரிவு. அதனால்தான் மூன்றாமிடம்.

நான்கு, ஐந்து: ஹாரி கிரெப், ஜோ லூயிஸ்

கிரெப் 1920-களின் மிடில்வெயிட். சுமார் முந்நூறு சண்டைகள். ஒரு கண் பார்வை போனபிறகும் அதை மறைத்துக்கொண்டு ஆடினார். பின்னாளில் ஹெவிவெயிட் சாம்பியனான ஜீன் டன்னி வாழ்நாளில் தோற்றது ஒரே முறை, 1922-இல், தன்னைவிட எடை குறைந்த இந்த கிரெப்பிடம். அவர் சண்டை எதுவும் படச்சுருளில் மிஞ்சவில்லை. பார்த்தவர்கள் எழுதியதை வைத்துத்தான் மதிப்பெண்.

ஜோ லூயிஸ் 1937 முதல் 1949 வரை சாம்பியன்; 25 முறை பட்டத்தைக் காத்தவர். 1936-இல் தன்னை வீழ்த்திய ஜெர்மனியின் ஷ்மெலிங்கை 1938-இல் முதல் ரவுண்டிலேயே முடித்தார். ஹிட்லர் காலம் அது. அமெரிக்காவில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஒரு கறுப்பருக்காகக் கைதட்டிய இரவு.

தோல்வியே காணாத மார்சியானோ (49-0), மேவெதர் (50-0) இருவரும் எங்கே என்று கேட்பீர்கள். பூஜ்யம் அழகான எண்தான். ஆனால் மார்சியானோ ஜெயித்த லூயிஸுக்கு அப்போது 37 வயது. மேவெதரின் ஐம்பதாவது எதிராளி, தொழில்முறை குத்துச்சண்டைக்கே அன்றுதான் முதல் முறையாக வந்தவர். தோற்காமல் இருப்பது ஒரு திறமை. தோற்கக்கூடிய இடத்துக்குத் துணிந்து போவது வேறு திறமை. என் பட்டியல் இரண்டாவதற்குக் கூடுதல் மதிப்பெண் தருகிறது.

செர்தானை எங்கே வைப்பது?

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு இது சொந்த விஷயம். எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒரு சொல்தா தாத்தா இருந்தார். அவருக்கு ராபின்சனும் கிடையாது, லூயிஸும் கிடையாது. "மார்செல் செர்தான் ஒருத்தன்தாண்டா ஆம்பளை" என்பார். அதற்கு முந்தைய தலைமுறைக்கு ழோர்ழ் கார்ப்பாந்தியே. 1921-இல் அவர் டெம்ப்சியோடு மோதியதுதான் பத்து லட்சம் டாலருக்கு மேல் டிக்கெட் வசூலான முதல் சண்டை. நாலாவது ரவுண்டில் தோற்றார். மறுவருடம் பாரீஸிலேயே அவரை வீழ்த்திய பத்லிங் சிக்கி, பிரெஞ்சுக் காலனியான செனகலில் பிறந்தவர். காலனியில் பிறந்து வளர்ந்த எங்கள் பெரியவர்கள் அந்தச் செய்தியை எப்படிப் படித்திருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

செர்தானும் காலனிக்காரர்தான், அல்ஜீரியாவில் பிறந்தவர். 1948 செப்டம்பரில் டோனி சேலை வீழ்த்தி மிடில்வெயிட் உலகப் பட்டம் வென்றார். 1949 ஜூனில் லமோட்டாவோடு நடந்த சண்டையில் தோள்பட்டை பிசகி, ஒற்றைக் கையோடு போராடிப் பட்டத்தை இழந்தார். வாழ்நாளில் நான்கே தோல்விகள். அவற்றில் இரண்டு விதிமீறலுக்காகக் கொடுக்கப்பட்டவை. லமோட்டாவோடு மறுபடி மோத அமெரிக்கா புறப்பட்டார். 1949 அக்டோபர் 28-இல் அவர் போன விமானம் அசோர்ஸ் தீவு மலையில் மோதியது. காத்திருந்த பாடகி எதித் பியாஃபுக்குச் செய்தி மட்டுமே போய்ச் சேர்ந்தது.

போர் அவருடைய நல்ல வருடங்களைத் தின்றது. விமானம் மீதியைத் தின்றது. இருபதுக்குள் ஓரிடம் தரலாம். அதற்கு மேல் போட்டால் அது பாசம், தரவரிசை அல்ல. தாத்தா இருந்திருந்தால் என்னை வீட்டு வாசலில் ஏற்றமாட்டார்.

ஐந்தாவது கேள்வி

பட்டியல் முடிந்தது. ஆனால் எந்தத் தரவரிசையிலும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. கையுறையைக் கழற்றிய பிறகு என்ன ஆனார்கள்?

ராபின்சன் 44 வயது வரை ஆடினார், சம்பாதித்ததெல்லாம் கரைந்தது. கடைசிக் காலத்தில் ஞாபகமறதி நோய், 1989-இல் மரணம். லூயிஸ் வருமான வரிக் கடனுக்காகவே மறுபடி மேடையேறினார். அலிக்கு 1984-இல் பார்க்கின்சன் நோய் என்று சொன்னார்கள். அதன்பின் 32 வருடம். 1982-இல் தென்கொரியாவின் கிம் டுக்-கூ பதினான்காவது ரவுண்டில் விழுந்து இறந்த பிறகுதான் 15 ரவுண்டு படிப்படியாக 12 ஆனது. டாய்ல் இறந்து 35 வருடத்துக்குப் பிறகு!

இந்தக் கேள்விக்கு முதலிடம் யாருக்கு என்றால், என் ஐவரில் எவருக்கும் இல்லை. ஜீன் டன்னிக்கு. டெம்ப்சியை இரண்டு முறை ஜெயித்து, 1928-இல் சாம்பியனாக இருக்கும்போதே "போதும்" என்று விலகினார். வியாபாரம் செய்தார், புத்தகம் படித்தார், பிள்ளைகளை வளர்த்தார், எண்பதைத் தாண்டி 1978-இல் காலமானார். நேரம் பார்த்து ரிட்டையர்மென்ட் வாங்குவதும் ஒரு குத்துதான். அந்தக் குத்தை மற்ற பெரியவர்களில் பலர் கற்றுக்கொள்ளவே இல்லை.

உங்கள் பட்டியல் வேறாக இருக்கலாம். எழுதுங்கள். ஆனால் பெயரோடு காரணத்தையும் எழுதுங்கள். காரணம் இல்லாத கோப்பில் நான் என்றைக்கும் கையெழுத்துப் போட்டதில்லை.