தோவாளைக்கு எத்தனை கட்டம்? ஷெல் பிராம்ப்டும் முனையமும் தமிழ் எழுத்தின் அகலமும்

நாஞ்சில் நாடு என்று பழைய வழக்கில் சொல்லப்படுவது தோவாளையும் அகத்தீஸ்வரமும். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது இவ்விரண்டோடு கல்குளம், விளவங்கோடு என்ற வட்டங்களும் சேர்ந்து வந்தன. வட்டாரக் கல்வெட்டுப் படங்களை இந்த நான்கு பெயர்களில் நான்கு ஃபோல்டர்களாக என் லினக்ஸ் கணினியில் வைத்திருக்கிறேன். கட்டளையை எதிர்பார்த்து ஷெல் காட்டும் பிராம்ப்டில் ஃபோல்டரின் பெயர் தெரியும். அகத்தீஸ்வரத்துக்குள் இருக்கும்போது எந்தத் தொல்லையும் இல்லை. தோவாளைக்குள் போய், மேல்நோக்கு விசையை அழுத்திப் பழைய கட்டளைகளைப் புரட்டினால் கர்சர் ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் நிற்கின்றன. அழித்த எழுத்து அழியாமல் கிடக்கிறது. அடுத்தடுத்த இரு வட்டங்களுக்குள் ஏன் இந்த வேறுபாடு?

ஷெல்லும் முனையமும் ஒரே நிரல் என்று பலர் எண்ணுகிறார்கள். அவை இரண்டு. ஷெல் பைட்டுகளை வரிசையாக அனுப்புகிறது. முனையம் அவற்றைக் கட்டம் போட்ட திரையில் வரைகிறது. 1978இல் வந்த விடி-100 முனையத்தில் வரிக்கு 80 கட்டம், 24 வரி. இன்றைய முனைய நிரல்கள் அந்தப் பெட்டியைத்தான் மென்பொருளாக நடிக்கின்றன. கர்சர் எங்கே நிற்கிறது என்பதை முனையம் அறியும். ஷெல்லோ தான் அனுப்பிய எழுத்துகளின் அகலத்தைத் தானாகவே கூட்டிப் பார்த்து, 'இந்நேரம் கர்சர் இங்கே இருக்கும்' என்று முடிவுகட்டி, அடுத்த நகர்த்தல் கட்டளையை அனுப்புகிறது. இரு தரப்பும் ஒரே கணக்கைப் போடும்வரை சிக்கல் இல்லை. ஆங்கில எழுத்தில் ஓரெழுத்துக்கு ஒரு கட்டம் என்பதால் அந்த நம்பிக்கை உடையாமல் இத்தனை ஆண்டுகள் ஓடிவிட்டது.

தமிழில் அது உடைகிறது. யூனிகோடின் பண்புப் பட்டியலில் புள்ளியும் ஈகாரக் குறியும் தமக்கென இடம் எடுக்காத குறிகள். இகரம், உகரம், ஆகாரம், ஐகாரம், ஓகாரம் போன்றவற்றின் குறிகள் இடம் எடுப்பவை. கேம்பிரிட்ஜின் மார்க்கஸ் கூன் எழுதிப் பரவலாக எடுத்தாளப்பட்ட அகலக் கணக்கு நிரல், முதல் வகைக்குச் சுழியமும் இரண்டாம் வகைக்கு ஒன்றும் தருகிறது. அதன்படி 'நீ' ஒரு கட்டம், 'நி' இரண்டு கட்டம். நெடிலுக்குக் குறிலைவிடக் குறைந்த இடம்! வேறு சில நிரல்கள் எல்லா உயிர்க்குறிக்கும் சுழியம் என்று வைத்துக்கொள்கின்றன.

இனி வட்டங்களை எண்ணிப் பார்க்கலாம். அகத்தீஸ்வரத்தில் எழுத்து 8. அதிலுள்ள குறிகள் புள்ளியும் ஈகாரமும் மட்டுமே என்பதால் எந்தக் கணக்கிலும் 8 கட்டம்தான். தோவாளையில் எழுத்து 3. ஓகாரம், ஆகாரம், ஐகாரம் மூன்றும் இடம் எடுப்பவை. கூனின் கணக்கில் 6 கட்டம், மற்றதில் 3. ஷெல் முதல் கணக்கையும் முனையம் இரண்டாவதையும் வைத்திருந்தால் மூன்று கட்டம் பிசகும். விளவங்கோட்டில் 9க்கும் 6க்குமான பிசகு, கல்குளத்தில் 6க்கும் 5க்குமானது. விசையை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருக்கும்வரை இது கண்ணில் படாது. வரி மடங்கும்போதோ ஷெல் வரியை மீண்டும் வரையும்போதோதான் வெளிப்படும். அதனால்தான் பலர் இதை எழுத்துருவின் கோளாறு என்று நினைத்து எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்து ஓய்ந்துபோகிறார்கள்.

பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் இந்தச் சிக்கல் கிடையாது. புள்ளி விசையை அழுத்தினால் வண்டி நகராது. அடுத்து மெய்யை அடித்தால் நகரும். அகலத்தை முடிவுசெய்ததும் எழுத்தைப் பதித்ததும் ஒரே இயந்திரம். கணினியில் அந்த இரண்டு வேலையும் இரண்டு கைக்குப் போய்விட்டன.

ஷெல்லையும் முனையத்தையும் பேசவைக்கும் முயற்சி ஒன்று ஏற்கெனவே வேரூன்றியிருக்கிறது. ஃபைனல்டெர்ம் என்ற நிரலில் தோன்றிய 133ஆம் எண் குறிவரிசையைப் பின்னர் ஐடெர்ம்2, கிட்டி, விண்டோஸ் டெர்மினல் முதலியவை ஏற்றுக்கொண்டன. எஸ்கேப் எழுத்து, வலது சதுர அடைப்பு, 133, ஓர் அரைப்புள்ளி, பிறகு ஓரெழுத்து: 'ஏ' என்றால் பிராம்ப்ட் தொடங்குகிறது, 'பி' என்றால் பிராம்ப்ட் முடிந்து பயனர் எழுதுமிடம், 'சி' என்றால் விடை வெளிவரத் தொடங்குகிறது, 'டி' என்றால் கட்டளை முடிந்தது, கூடவே வெற்றியா தோல்வியா என்ற எண். இதைக் கொண்டு முனையம் ஒரு பிராம்ப்டிலிருந்து அடுத்ததற்குத் தாவவும், கடைசி விடையை மட்டும் தேர்ந்தெடுக்கவும், தோற்ற கட்டளைக்கு ஓரத்தில் அடையாளம் இடவும் முடிகிறது. இன்னொன்று 7ஆம் எண் குறிவரிசை. நடப்பு ஃபோல்டரின் முகவரியை ஷெல் அப்படியே முனையத்துக்குச் சொல்கிறது. புதிய தத்தல் அதே ஃபோல்டரில் திறக்கிறது. தோவாளை என்ற பெயர் அதில் 18 பைட்டாக, விழுக்காட்டுக் குறியீட்டில் 54 எழுத்தாகப் போய்ச் சேருகிறது. ஒரு பிசகும் இல்லை. அங்கே யாரும் எதையும் ஊகிப்பதில்லை, சொல்லப்பட்டதைக் கேட்டுக்கொள்கிறார்கள்.

என் வாதம் இதுதான்: எழுத்தின் அகலமும் இப்படிச் சொல்லிக் கேட்கும் பொருளாக வேண்டும், சொல்ல வேண்டியது வரைகிற முனையம்.

இதற்கான கருவிகள் சிதறிக் கிடக்கின்றன. பாஷ் ஷெல்லில் பின்சாய்கோட்டோடு சதுர அடைப்பை எழுதினால், உள்ளே இருப்பது அகலமற்றது என்று ஷெல் எடுத்துக்கொள்ளும். நிறக் குறிகளையும் மேற்சொன்ன 133 குறிகளையும் இதற்குள் வைக்க மறந்தவர்கள், நீண்ட கட்டளை வரி தன் தொடக்கத்தையே தின்பதைப் பார்த்திருப்பார்கள். முனையம் உயிர்க்குறிகளைச் சுழியமாக எண்ணுமானால், பிராம்ப்டில் வரும் உயிர்க்குறியை மட்டும் இந்த அடைப்புக்குள் வைத்துப் பிசகைத் தீர்க்கலாம். இசட்-ஷெல் ஒரு படி மேல்: இந்தத் துண்டுக்கு இத்தனை கட்டம் என்று எண்ணையே எழுத இடம் தருகிறது.

எந்த எண்ணை எழுதுவது? முனையத்தைக் கேட்கலாம். எஸ்கேப், இடது சதுர அடைப்பு, 6, சிறிய 'என்' ஆகிய நான்கையும் அனுப்பினால், கர்சர் எந்த வரியில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று முனையம் பதில் எழுதும். வரியின் தொடக்கத்தில் 'தோ' என்று வரைந்துவிட்டுக் கேட்டால், வந்த எண்ணில் ஒன்றைக் கழித்தது அந்த முனையத்தில் 'தோ'வின் அகலம். ஷெல் திறக்கும்போது உயிர்க்குறி ஒவ்வொன்றையும் ஒரு மெய்யோடு வைத்து இவ்வாறு அளந்துவிட்டால், பிராம்ப்டின் அகலத்தைக் கூட்டுவது எளிய வேலை.

ஃபோல்டருக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தால் போயிற்று என்பார்கள். தன் ஊர்ப்பெயரைத் தன் எழுத்தில் எழுதுவதற்கு அனுமதி கேட்கும் நிலை எனக்கு ஏற்புடையதல்ல. இன்னொரு தரப்பினர், எல்லா நிரலிலும் உயிர்க்குறிகளுக்குச் சுழியம் என்று மாற்றிவிடலாம் என்பார்கள். அந்த வாதத்தில் நேர்மை இருக்கிறது. எழுத்தெண்ணிக்கையும் கட்ட எண்ணிக்கையும் ஒத்துவிடும். ஆனால் 'ளை'யையும் 'தோ'வையும் ஒற்றைக் கட்டத்துக்குள் நெருக்கினால் படிக்க ஆகாது. நெருக்காமல் இரண்டு மூன்று கட்டங்களில் பரத்தும் முனையமும் இருக்கத்தான் செய்யும். அகலம் எழுத்துருவையும் வரையும் முறையையும் சார்ந்தது. பட்டியலில் ஒரே எண்ணை அறைந்து வைப்பதால் அது மாறாது.

அளந்து சொல்லும் வழி பிராம்ப்டுக்குப் போதும். பிராம்ப்டுக்குப் பின் பயனர் தட்டும் வரிக்குப் போதாது. அங்கே பாஷின் வரித்திருத்தி தன் பழைய அட்டவணையையே நம்புகிறது. ஒவ்வொரு விசைக்கும் முனையத்தைக் கேட்டால் தொலைவிலுள்ள கணினியோடு வேலை செய்கையில் தாமதம் தாங்காது. 2027 என்ற எண்ணுள்ள முனைய முறைமை, எழுத்துத் தொகுதியை ஒரே அலகாக எண்ணும்படி முனையத்தை நிரல் கேட்டுக்கொள்ள வழிசெய்கிறது. முனையங்களில் சில அதை ஏற்றுள்ளன. வரித்திருத்திகளும் ஏற்கும்வரை, என் பிராம்ப்டில் தோவாளைக்கு அருகே அளந்த எண்ணை எழுதி வைத்திருக்கிறேன். கர்சர் இப்போது 'ளை'யை அடுத்து நிற்கிறது. அதற்கு அப்பால் 'சுசீந்திரம்' என்று தட்டினால் மட்டும் இரண்டு கட்டம் விலகுகிறது.