மாண்டிசோரி முறையும் ஆறு வயது கடந்த பிள்ளைகளும்

மாண்டிசோரி முறை என்றால், சிறு குழந்தைகளுக்கு விளையாட்டோடு கல்வி புகட்டும் முறை என்றே நம்மவரில் பலர் எண்ணியிருக்கின்றனர். பிள்ளைக்கு ஆறு வயது நிறைந்ததும், "இனி இது உதவாது, பாடப்புத்தகமும் பரீட்சையும் உள்ள பள்ளிக்கு அனுப்புங்கள்" என்று உற்றாரும் அண்டை வீட்டாரும் ஒரே குரலாகச் சொல்லிவிடுகின்றனர். தோட்ட ஆபீசில் கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கும், என் மகளை முன்னிட்டு இக்கேள்வி எழுந்தது. ஊரார் வாக்கை அப்படியே நம்பிவிடாமல் அம்முறையின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். அதில் தெளிந்ததை வாசக நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்முறை செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்காகப் பிறந்ததன்று. மரியா மாண்டிசோரி அம்மையார் 1870-ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்தில் பிறந்தவர். பெண்கள் வைத்தியம் பயில்வது மிக அரிதாயிருந்த அக்காலத்தில், 1896-இல் ரோமாபுரிப் பல்கலைக் கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார். மூளை வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பித்துப் பயன் கண்டபின், 1907 ஜனவரி 6-ஆம் தேதி, ஸான் லோரென்ஸோ என்னும் ஏழைத் தொழிலாளர் பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' ஒன்றைத் திறந்தார். தாய் தந்தையர் வேலைக்குப் போனபின் காவலின்றித் திரிந்த, பள்ளி வயதை எட்டாத சிறுவர் சிறுமியரே அதன் முதல் மாணவர்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போகும் பெற்றோரையும், அவர்கள் லயத்தில் விட்டுச் சென்ற பிள்ளைகளையும் அறிந்த தோட்டத்து வாசகர்களுக்கு இதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

முதற் பள்ளி இவ்வாறு சிறு குழந்தைகளுக்கென அமைந்ததே, இம்முறை அவர்களுக்கு மட்டும் உரியது என்ற அபிப்பிராயத்துக்கு வித்தாயிற்று. அம்மையாரின் நூல் 1912-இல் ஆங்கிலத்தில் வெளிவந்ததும் அமெரிக்காவில் பெரும் பரபரப்பு உண்டாயிற்று. ஆனால் 1914-இல் கொலம்பியா பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் கில்பாட்ரிக் என்பவர் கடுமையான மறுப்பு நூலொன்றை எழுதினார். புலன்களைப் பழக்கும் இம்முறை பழைய மனோதத்துவத்தின் மேல் நிற்கிறது என்பதும், கற்பனைக்கும் பலர் கூடிச் செய்யும் வேலைக்கும் இதில் இடம் போதாது என்பதும் அவருடைய ஆட்சேபணைகளுட் சில. இவற்றை வெறும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. வளர்ந்த பிள்ளையைப் பற்றி இன்றும் பெற்றோர் கேட்பவை இவையே அல்லவா?

அம்மையாரும் சிறு குழந்தைகளோடு நின்றுவிடவில்லை. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலக்கணம், கணிதம், க்ஷேத்திர கணிதம், சங்கீதம் முதலியவற்றைக் கற்பிக்கும் வகையை விளக்கி 1916-இல் விரிவான நூலொன்றை வெளியிட்டார். ஹாலந்து தேசத்து ஆம்ஸ்டர்டாம் நகரில் 1930-இல் மாண்டிசோரி உயர்தரப் பள்ளியே தோன்றிற்று. பிற்காலத்தில் தன் நாட்குறிப்பால் உலகறியப்பட்ட ஆன் ஃபிராங்க் என்ற யூதச் சிறுமி, அந்நகரின் மாண்டிசோரிப் பள்ளி ஒன்றில் 1934 முதல் 1941 வரை பயின்றவள். யூதப் பிள்ளைகளைத் தனிப் பள்ளிகளுக்குத் துரத்திய நாஜிக் கொடுமையே அவளை அங்கிருந்து பிரித்தது. அவளுடைய எழுத்தாற்றலுக்கு அப்பள்ளியே காரணம் என்று நான் வாதிக்க வரவில்லை. பன்னிரண்டு வயது வரை பிள்ளைகள் அங்கே கற்றனர் என்பதற்கே இதைச் சொன்னேன்.

நிற்க. இச்சரித்திரத்தின் முக்கியமான அத்தியாயம் தமிழ் மண்ணிலேயே எழுதப்பட்டது என்பதை நம்மவர் பலர் அறியார். முசோலினி ஆட்சியோடு பிணங்கிய அம்மையார், அடையாறு பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேலின் அழைப்பின்பேரில் 1939-இல் சென்னைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கலானார். 1940-இல் இத்தாலி யுத்தத்தில் இறங்கவே, அவர் பகை நாட்டவர் எனக் கருதப்பட்டார். உடன் வந்த மகன் மாரியோ சில மாதங்கள் சிறைக்காவலில் இருந்தார். தாயின் எழுபதாம் பிறந்த நாளான ஆகஸ்டு 31-இல் மகனை விடுவித்தனர். பின்னர் 1942 முதல் 1944 வரை தாயும் மகனும் கோடைக்கானலில் தங்கினர். அங்கே பல வயதுப் பிள்ளைகள் ஒருங்கே கற்ற சிறு பள்ளியில், இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்னே என்ற மாதின் துணையோடு, ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ளோர்க்கான கல்வியைச் செப்பம் செய்தனர். மலைச்சாரலின் செடி கொடிகளும் பூச்சிகளும் நீரோடைகளுமே அங்குப் பாடமாயின.

அங்கு உருவான கருத்து யாதெனில், ஆறு வயதுக்குப் பின் பிள்ளையின் இயல்பே மாறுகிறது என்பதாகும். சிறு குழந்தை பொருளைத் தொட்டும் தூக்கியும் அறிகிறது, வளர்ந்த பிள்ளையோ "ஏன்?" "எப்படி?" என்று வினவுகிறது. தனியே வேலை செய்த குழந்தை இப்பருவத்தில் தோழரோடு கூட விரும்புகிறது. நியாயம் எது, அநியாயம் எது என்று வழக்காடுகிறது. ஆகவே உலகம் தோன்றிய கதை, உயிர்கள் வளர்ந்த கதை, எழுத்தும் எண்ணும் பிறந்த கதை ஆகியவற்றைப் பெருங்கதைகளாகச் சொல்லிக் கற்பனையைத் தூண்டி, அதன்பின் பிள்ளைகளே குழுவாக ஆராய விடவேண்டும் என்று அம்மையார் வகுத்தார். கில்பாட்ரிக் எழுப்பிய குறைகளுக்கு இதுவே தக்க விடை எனலாம். பன்னிரண்டுக்கு மேற்பட்டோர்க்கு நிலத்தில் உழைத்து விளைபொருளை விற்று வாழப் பழகும் பள்ளியையே அவர் சிபாரிசு செய்தார்.

பலன் என்ன என்று கேட்போர்க்கு 2006-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று உண்டு. அமெரிக்காவின் மில்வாக்கி நகரப் பொதுப்பள்ளி ஒன்றில் சீட்டுக்குலுக்கலில் இடம் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஏஞ்சலின் லில்லார்டு என்ற பெண்மணி ஒப்பிட்டுப் பார்த்தார். ஐந்து வயதில் மாண்டிசோரிப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முந்தி நின்றனர். பன்னிரண்டு வயதிலோ அந்த முந்துதல் மறைந்துவிட்டது. ஆனால் கட்டுரையில் கற்பனை வளமும் வாக்கிய அமைப்பும், சச்சரவுகளைப் பேசித் தீர்க்கும் பண்பும் அவர்களிடம் மிகுந்திருந்தன. ஒரு பள்ளியில் கண்டதை உலகப் பொது விதியாகக் கொள்ளலாகாது. ஆயினும் மதிப்பெண் ஒன்றையே நாடுவோரும் பண்பை நாடுவோரும் இங்கே வெவ்வேறு முடிவுக்கு வரக்கூடும்.

இவ்வளவும் படித்தபின் நான் நகரத்து மாண்டிசோரி ஆரம்பப் பள்ளி ஒன்றில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். எட்டு வயதுப் பையன், நான்கு வயதுக் குழந்தைக்குரிய மரக்கட்டைகளையே அலுப்போடு அடுக்கிக்கொண்டிருந்தான். மேல் வயதினர்க்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்றீர்களா என்று ஆசிரியையிடம் வினவியதற்கு, இல்லை என்று ஒளியாமல் கூறினார். என் மகளைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தேன். அவ்வாசிரியை வேறு விதமாகப் பதிலுரைத்திருந்தால் என் முடிவும் வேறாயிருக்கும்.

தோழர்களே! பெயர்ப்பலகையைக் கண்டு மயங்கவும் வேண்டாம், வெறுக்கவும் வேண்டாம். எழுபது வயதிலும் பிள்ளைகளைப் பார்த்துத் தம் முறையை வளர்த்துக்கொண்டார் அம்மையார். பிள்ளை வளர வளரப் பள்ளியும் வளர்கிறதா என்று பாருங்கள். வளருமாயின் துணிந்து சேர்த்திடுக; இல்லையேல் பெயருக்காகப் பணத்தையும் பிள்ளையின் காலத்தையும் இழக்க வேண்டாம்.