குறத்தி சொன்ன வேதக் கதை

ஜொகூரின் ரப்பர் தோட்டங்களுக்குத் தமிழர்கள் என்னென்ன கொண்டுவந்தார்கள் என்று கேட்டால், தகரப் பெட்டி, பாய், செம்பு, குலதெய்வத்தின் பிடிமண் என்று பலரும் சொல்வார்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் கொண்டுவந்த ஒரு சொத்து அந்தப் பட்டியலில் வருவதில்லை. அது பெட்டிக்குள் இல்லை, வாயில் இருந்தது. நோவாவின் கப்பலும் பெத்லகேம் தொழுவமும் கும்மியாகவும் கீர்த்தனையாகவும் அவர்களோடு கடல் கடந்தன.

1909இல் ஜொகூர் ரயில் பாதை முடிந்ததும் சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் வட்டாரங்களில் காடு அழிந்து பால்மரம் பெருகியது. கங்காணிகள் அழைத்துவந்த தொழிலாளர்களில் எழுத்தறிந்தவர்கள் குறைவு. விடியுமுன் பிரட்டு, அதன்பின் மரம் சீவுதல், பால் எடுத்தல். தமிழில் புதிய ஏற்பாடு 1715ஆம் ஆண்டிலேயே தரங்கம்பாடியில் அச்சாகிவிட்டது உண்மைதான். எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கு அந்தப் புத்தகம் என்ன சொல்லும்?

இந்தக் கேள்வி தோட்டத்தில் பிறந்ததல்ல. அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே தஞ்சாவூரில் ஒரு மனிதர் இதற்கு விடை கண்டிருந்தார். அவர் வேதநாயகம் சாஸ்திரியார்.

1774இல் திருநெல்வேலிச் சீமையில் வேளாளக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை தேவசகாயம் தமிழ்ப் புலமை மிக்க உபதேசியார். சிறுவனின் திறமையைக் கண்ட ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ், பன்னிரண்டு வயதளவில் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்று படிக்கவைத்தார். அதே சுவார்ட்ஸின் பராமரிப்பில் வளர்ந்த இன்னொரு பையன்தான் பின்னாளில் அரியணை ஏறிய இரண்டாம் சரபோஜி மன்னர். ஒருவர் அரசரானார், மற்றவர் கவிராயரானார்.

அன்றைய தேவாலயத்தில் ஒலித்தவை ஜெர்மானிய மெட்டுக்குத் தமிழ்ச் சொற்களைப் பொருத்திய ஞானப்பாட்டுகள். இன்றும் அவற்றைக் கேட்டுப் பாருங்கள், சொல் ஓரிடத்தில் முடியும், மெட்டு வேறிடத்தில் முடியும். சாஸ்திரியார் எதிர்த்திசையில் போனார். ஜனங்கள் எந்த வடிவத்தில் கதை கேட்டுப் பழகியிருந்தார்களோ, அந்த வடிவத்துக்குள் வேதக் கதையை வைத்தார். பெண்கள் கைகொட்டி ஆடக் கும்மி, அம்மானை ஆடுவோருக்கு ஞான அம்மானை, ஏற்றம் இறைக்கும் உழவருக்கு ஞான ஏற்றப்பாட்டு, நோவாவுக்கு ஒரு கப்பற்பாட்டு, திருந்திய பாவியின் கதைக்கு நொண்டி நாடகம்.

இவற்றுள் மணிமகுடம் 1800இல் உருவான 'பெத்லகேம் குறவஞ்சி'. குறவஞ்சிக் கதை தமிழருக்கு மனப்பாடம். தலைவன் உலா வருவான், தலைவி மையல் கொள்வாள், குறத்தி வந்து கை பார்த்துக் குறி சொல்வாள், குறத்தியைத் தேடி அவள் கணவன் சிங்கன் வருவான். இந்தச் சட்டத்தில் சாஸ்திரியார் ஒரு சுள்ளியைக்கூட மாற்றவில்லை. தலைவன் மட்டும் பெத்லகேம் நாதர். சீயோன் குமாரத்தியான தேவமோகினி அவர்மேல் காதல் கொள்கிறாள். குறி சொல்ல வருபவள் ஞானச்சிங்கி, அவள் உருவகப்படுத்துவது விசுவாசத்தை. பறவை பிடிக்கும் சிங்கனோ ஓர் உபதேசியார். அவன் வலை நற்செய்தி, வலையில் விழும் பறவைகள் மனித ஆத்துமாக்கள். சூரியனைச் சுற்றிக் கோள்கள் ஓடுகின்றன என்ற புதிய வானநூலையும் அதே நாடகத்தில் பாட்டாக்கியிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி, குறத்திப் பாட்டு கேட்கும் சாக்கில் வேதத்தையும் வானநூலையும் கேட்டுவிட்டுப் போகலாம்!

இவற்றை அவர் ஊர் ஊராகப் பாடிச் சொன்னார். கதை சொல்லும் முறையும் கவனிக்கத்தக்கது. பாட்டு வரும், வசனம் வரும், ஒரு கிளைக்கதை விரியும், மறுபடி பல்லவிக்கே திரும்பும். பல்லவியைக் கூட்டமும் சேர்ந்து பாடும். நாலாம் முறை திரும்பும்போது அது கேட்பவரின் சொந்தப் பாட்டாகிவிடும். அதன்பின் புத்தகம் தேவையில்லை, புத்தகம் வைத்திருக்கும் போதகரும் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை.

2004இல் தாய்லாந்தின் பட்டாயாவில் கூடிய லோசான் மாநாட்டில், வாசிப்பால் அல்லாமல் செவிவழியே கற்பவர்களுக்கு எப்படிப் போதிப்பது என்று ஒரு குழு தனியாகவே விவாதித்தது. அதை ஒரு புதுமை என்று எண்ணியவர்களுக்குத் தஞ்சாவூர்க் கதை தெரியாமல் இருந்திருக்கலாம்.

ஆனால், கதை இத்தோடு முடிந்தால் நல்ல மனிதர் ஒருவரைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். அப்படி முடியவில்லை.

1798இல் சுவார்ட்ஸ் மறைந்தார். அடுத்த தலைமுறை மிஷனரிகள் தமிழ்க் கீர்த்தனைகளைத் தேவாலயத்திலிருந்து விலக்க முனைந்தார்கள். பழகிய ஃபப்ரீஷியஸ் வேத மொழிபெயர்ப்பையும் திருத்தப் புறப்பட்டார்கள். திருமணத்திலும் சாவிலும் பூ வைக்கக் கூடாது என்றார்கள். இவை எல்லாவற்றையும் சாஸ்திரியார் எதிர்த்தார். இதுவரை அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே தோன்றும். அதே மிஷனரிகள் இன்னொன்றும் சொன்னார்கள்: ஆலயத்தில் எல்லாச் சாதியாரும் கலந்து உட்கார வேண்டும். அதையும் அவர் அதே ஆவேசத்தோடு எதிர்த்தார். 1829இல் 'ஜாதி திருத்தலின் பயித்தியம்' என்று ஒரு நூலே எழுதினார். தமிழ்ப் பாட்டைத் தடுப்பதையும் சாதிகளைக் கலப்பதையும் ஒரே வரிசையில் வைத்து, இரண்டையும் கொடுமை என்றார். மிஷன் வேலையை இழந்த அவரைப் பழைய பள்ளித் தோழர் சரபோஜி அரசவைக் கவிஞராக வைத்துக்கொண்டார். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டபோது தஞ்சை வேளாளக் கிறிஸ்தவர் பலர் ஆலயத்தை விட்டே வெளியேறினார்கள்.

உழவரின் ஏற்றப்பாட்டை எடுத்து வேதத்துக்குக் கொடுத்தவர், அந்த உழவரோடு ஒரே பாயில் உட்கார மறுத்தார். அந்த மனத்தடையை அக்காலத்து வழக்கம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. அதே காலத்தில் அதைத் தவறு என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் இருந்தார்கள்.

பாட்டு எங்கே போயிற்று என்று பார்த்தால்தான் வரலாற்றின் குறும்பு தெரிகிறது. மதுரையில் இயங்கிய அமெரிக்க மிஷன் சாதி விஷயத்தில் மிகக் கண்டிப்பானது. 1847இல், சாதி பாராமல் ஒன்றாக உட்கார்ந்து உண்ணச் சம்மதிக்காத உபதேசியார்களை அது வேலையை விட்டே நிறுத்தியது. அந்த மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், முதுமையடைந்த சாஸ்திரியாரைத் திண்டுக்கல்லுக்கு வரவழைத்து அவருடைய பாட்டுகளைக் கேட்டுக் கற்றார். 1853இல் தமிழ்க் கீர்த்தனைத் தொகுப்பை அச்சிட்டார். சாஸ்திரியார் 1864இல் காலமானார்.

அங்கிருந்து கீர்த்தனைகள் தென்தமிழ்நாட்டுக் கிராமச் சபைகளுக்கும், பிறகு கப்பலேறியவர்களோடு இலங்கைக்கும் மலாயாவுக்கும் பரவின. மலாயாத் தோட்டங்களுக்கு வந்தவர்களில் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். சாஸ்திரியார் எவரோடு சேர்ந்து உட்கார மறுத்தாரோ, அவர்களின் வழிவந்தவர்கள். தோட்டத்திலும் சாதி உடனே தொலைந்துவிடவில்லை. லயங்களே சாதிவாரியாகப் பிரிந்திருந்த இடங்கள் உண்டு. ஆனால் பாட்டை மட்டும் லயம் பிரித்து வைக்க முடியவில்லை. ஒரு வீட்டில் பல்லவி தொடங்கினால் அது பலகைச் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்கும் கேட்கும்.

1938இல் இந்திய அரசு தொழிலாளர் வரவை நிறுத்தியது. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, குடும்பங்கள் ஜொகூர் பாருவுக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தன. தமிழ்ச் சபைகளில் கீர்த்தனைகள் இன்றும் பாடப்படுகின்றன. 'ஜாதி திருத்தலின் பயித்தியம்' நூலை இப்போது ஆராய்ச்சியாளர்கள்தான் தேடிப் படிக்கிறார்கள்.